இணைப்பும் இரண்டு, ரவுட்டரும் இரண்டு

கல்லாவில் சில்லறை தீர்ந்தால் பக்கத்துக் கடையில் மாற்றிக்கொள்வோம். இணையம் நின்றால்? 2017 ஜூலையில் வந்த ஜி.எஸ்.டி.யும், யு.பி.ஐ. வரவும் அதை நம்பியே நடக்கின்றன. வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு அனுப்ப, 2018 ஏப்ரல் முதல் இ-வே பில் கட்டாயம். பில் எடுக்க முடியாமல் லாரி வாசலில் நின்றால் நஷ்டம் நமக்குத்தான்.

நம்மில் பலர் இரண்டு இணைப்பு வாங்கி, ஒரே ரவுட்டரில் செருகிவிடுகிறோம். அது பழுதானால் இரண்டும் வீண். மொத்த வியாபார அலுவலகத்துக்கு ரவுட்டரும் இரண்டு வேண்டும். வி.ஆர்.ஆர்.பி. என்ற முறை 1998 முதல் உள்ளது. இதில் இரண்டு ரவுட்டருக்கும் பொதுவாக ஒரு முகவரி உண்டு. முதல் ரவுட்டர் விநாடிக்கு ஒரு முறை 'இருக்கிறேன்' என்று செய்தி அனுப்பும். மூன்று முறை வராவிட்டால் இரண்டாவது பொறுப்பேற்கும். கணினிகளில் எதையும் மாற்ற வேண்டாம். வீட்டு உபயோக ரவுட்டர் பலவற்றில் இவ்வசதி இராது, கேட்டு வாங்குவோம்.

லைன் அறுந்தாலும் ரவுட்டர் உயிரோடுதான் இருக்கும். எனவே லைனையும் கண்காணிக்கும்படி அமைக்கச் சொல்ல வேண்டும். இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில் வந்தால் ஒன்றாகவே அறும். ஒன்று ஃபைபர், மற்றது வேறு கம்பெனி சிம் என்றிருக்கட்டும். யு.பி.எஸ்.சும் தனித்தனியே வேண்டும்.

சிறிய மளிகைக் கடைக்கு இத்தனை செலவு வேண்டாம். செல்போன் ஹாட்ஸ்பாட்டே போதும்.

மாதம் ஒரு முறை, வியாபாரம் ஓய்ந்த நேரத்தில், முதல் ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கிப் பார்ப்போம். பில் தடையின்றி வந்தால்தான் போட்ட பணத்துக்குப் பலன்.