செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆகல... பழைய போர்ஷே 944-ல் எங்கே கோளாறு?

சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகவே அடிக்கிறது. இன்ஜின் மட்டும் பிடிக்க மாட்டேங்குது. அப்படியென்றால் பேட்டரி, ஸ்டார்ட்டர் மோட்டார் மீது பெரிதாகச் சந்தேகம் வேண்டாம். பார்க்க வேண்டியது பெட்ரோல், ஸ்பார்க், கம்ப்ரஷன். 1982 முதல் 1991 வரை தயாரான போர்ஷே 944-ல் எங்கே ஆரம்பிப்பது?

சத்தம்: செல்ஃப் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றுகிறதா? டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். உடனே நிறுத்திடுங்க. இந்த இன்ஜினில் பெல்ட் போனால் பிஸ்டன் வால்வில் மோதும். திரும்பத் திரும்ப அடித்தால் செலவுதான் கூடும்.

ஆர்பிஎம் முள்: சத்தம் வழக்கம்போல இருந்தால், செல்ஃப் அடிக்கும்போது இந்த முள்ளைக் கவனிங்க. லேசாகத் துடித்தால், ஃப்ளைவீல் அருகே உள்ள ஸ்பீட் சென்சார் வேலை செய்கிறது. அசையவே இல்லையா? அந்த சென்சார், அதன் வயர் அல்லது டிஎம்இ ரிலே மீது சந்தேகப்படலாம்.

டிஎம்இ ரிலே: இன்ஜின் கம்ப்யூட்டர், பெட்ரோல் பம்ப் இரண்டுக்கும் கரன்ட் போவது இந்தச் சின்னப் பெட்டி வழியாகத்தான். பல வருஷச் சூட்டில் உள்ளே சால்டர் விரிசல் விடும்; வெளியே எதுவும் தெரியாது. நல்ல ரிலே ஒன்றை மாற்றிப் போட்டுப் பார்த்தால் சில நிமிஷத்தில் விடை கிடைத்துவிடும். பம்ப்பை மாற்றுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். 944 வைத்திருக்கும் பலர் காரிலேயே ஒரு ஸ்பேர் ரிலே போட்டு வைப்பது இதனால்தான்.