மழை நின்ற பிறகும் ஓடும் ஆறு

மழை பெய்தால் ஆற்றில் நீர் ஓடும். இது எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனால், மழை நின்று ஐந்தாறு மாதங்கள் ஆன பிறகும் ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்தால், அந்த நீர் எங்கிருந்து வருகிறது? மாணவர்களே, இந்தக் கேள்விக்கான விடையை இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலக் கிராம மக்கள் மண்வெட்டியும் கூடையும் கொண்டு செய்தே காட்டினார்கள்.

அம்மாநிலத்தின் அல்வர் மாவட்டத்தில், ஆரவல்லி மலைத்தொடரை ஒட்டி அர்வரி என்றொரு சிற்றாறு உள்ளது. அதன் நீளம் சுமார் 45 கிலோமீட்டர். 1980களில் அது பெயருக்குத்தான் ஆறாக இருந்தது. மழைக்காலத்தில் சில நாள்கள் வெள்ளம் பாயும். மற்ற மாதங்களில் வெறும் மணல்தான். கிணறுகள் வற்றின. ஆண்கள் பிழைப்புத் தேடி நகரங்களுக்குப் போனார்கள். பெண்களும் சிறுமிகளும் குடங்களைச் சுமந்து நெடுந்தூரம் நடந்தார்கள். தண்ணீருக்காக நடக்கும் பிள்ளைக்குப் பள்ளிக்குப் போக நேரம் ஏது?

மழை போதவில்லையா?

அல்வர் வட்டாரத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 600 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. நம் மலேசியாவில் பெய்வதோ ஏறக்குறைய 2,500 மில்லிமீட்டர். அங்கே பெய்யும் அந்தக் கொஞ்ச மழையும் பெரும்பாலும் ஜூலை முதல் செப்டம்பர் வரைதான் கிடைக்கிறது.

இருந்தாலும் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் நீருக்குச் சமம். ஒரு காற்பந்துத் திடலின் பரப்பளவு சுமார் 7,000 சதுர மீட்டர். அதன்மீது ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது 42 லட்சம் லிட்டர் நீர்! ஆகவே, மழையின் அளவை மட்டும் குறை சொல்ல முடியாது. பெய்த மழை எவ்வளவு வேகமாக ஓடிப்போகிறது என்பதும் முக்கியம்.

மரங்கள் வெட்டப்பட்டு மொட்டையாகிப்போன சரிவில் விழும் மழைநீருக்கு மண்ணுக்குள் இறங்க நேரமில்லை. அது மேல்மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடிவிடும். முன்பு அந்த நீரைத் தடுத்து நிறுத்த அவ்வூர்களில் ஓர் ஏற்பாடு இருந்தது. பராமரிப்பார் இல்லாமல் அது தூர்ந்துபோயிருந்தது.

ஜோஹாட் செய்யும் வேலை

அந்த ஏற்பாட்டின் பெயர் ஜோஹாட். சரிவான நிலத்தில், மேட்டிலிருந்து வரும் நீரை மறிக்கும்படி பிறை வடிவில் எழுப்பப்படும் மண் கரை அது. கரைக்குள் நீர் குளம்போல் தேங்கும். தமிழ்நாட்டின் ஏரிகளும் இதே முறையில் அமைந்தவைதான். 

வெயில் கொளுத்தும் ராஜஸ்தானில் தேங்கிய நீர் ஆவியாகிவிடாதா? ஒரு பகுதி ஆவியாகத்தான் செய்யும். ஆனால், இன்னொரு பகுதி மெல்லக் கீழே இறங்கி, மண் துகள்களின் இடைவெளிகளிலும் பாறை வெடிப்புகளிலும் தங்குகிறது. அங்கே வெயில் அதைத் தொட முடியாது. இதுவே நிலத்தடி நீர். ஜோஹாட் வற்றினாலும் அருகிலுள்ள கிணறுகளில் நீர் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அடுத்த கட்டம்தான் நம் கேள்விக்கான விடை. நிலத்தடி நீரும் அசையாமல் இருப்பதில்லை; மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி மிக மெதுவாக நகர்கிறது. அதன் மட்டம் ஆற்றுப் படுகையைவிட உயரும்போது, நீர் ஆற்றுக்குள் கசியத் தொடங்குகிறது. மழையில்லா மாதங்களில் ஆற்றை ஓட வைப்பது இந்தக் கசிவுதான். நிலத்தடி நீர்மட்டம் படுகைக்குக் கீழே இறங்கிவிட்டால், ஆற்றிலுள்ள நீரையும் மணல் உறிஞ்சிவிடும்.

ஆகவே, ஓர் ஆற்றைக் காப்பாற்ற வேண்டுமானால் ஆற்றை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு நீர் வந்து சேரும் மலை, காடு, வயல் ஆகிய அனைத்தையும் பார்க்க வேண்டும். இந்த முழு நிலப்பரப்புக்கும் நீர்ப்பிடிப்புப் பகுதி என்று பெயர்.

மருத்துவம் செய்ய வந்தவர்

1985ஆம் ஆண்டு, ஆயுர்வேதம் படித்த ராஜேந்திர சிங் என்னும் இளைஞர், தருண் பாரத் சங் என்ற அமைப்பின் நண்பர்கள் நால்வருடன் அல்வர் கிராமங்களுக்கு வந்தார். மருத்துவமும் கல்வியும் தருவதே அவர்களின் எண்ணம். ஊர்ப் பெரியவர்களோ, தங்களுக்கு முதலில் வேண்டியது தண்ணீர்தான் என்றார்கள். எங்கே தோண்ட வேண்டும், கரையை எப்படி எழுப்ப வேண்டும் என்பதும் அந்தப் பெரியவர்களுக்கே தெரிந்திருந்தது.

கோபால்புரா கிராமத்தில் தூர்ந்துகிடந்த ஜோஹாட் தூர் வாரப்பட்டது. மழைக்குப் பிறகு அக்கம்பக்கத்துக் கிணறுகளில் நீர் ஊறியது. செய்தி மற்ற ஊர்களுக்கும் பரவியது. அர்வரி ஆறு தொடங்கும் இடத்திலுள்ள பாவந்தா, கோல்யாலா கிராமங்களும் இப்பணியில் இறங்கின. மக்கள் தங்கள் உழைப்பையும் செலவில் ஒரு பங்கையும் கொடுத்தார்கள். மேய்ச்சலையும் மரம் வெட்டுவதையும் கட்டுப்படுத்தினார்கள். காலப்போக்கில் அர்வரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் 300க்கும் மேற்பட்ட ஜோஹாட்டுகளும் தடுப்பணைகளும் உருவாயின.

யாரும் ஆற்றில் நேரடியாக நீர் ஊற்றவில்லை. ஆனாலும், 1990களின் நடுப்பகுதியில் அர்வரி ஆண்டு முழுவதும் ஓடத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டில் அன்றைய இந்திய அதிபர் கே.ஆர். நாராயணன் நேரில் வந்து பாவந்தா, கோல்யாலா மக்களுக்கு விருது வழங்கினார். ராஜேந்திர சிங்குக்கு 2001இல் மக்சேசே விருதும், 2015இல் ஸ்டாக்ஹோம் நீர் விருதும் கிடைத்தன.

மீன் வந்தது, சிக்கலும் வந்தது

ஆற்றில் நீர் வந்ததும் மீன்கள் பெருகின. மீன்பிடிக்கும் உரிமையை அரசு ஒரு குத்தகைதாரருக்குக் கொடுத்தது. ஆற்றை மீட்டவர்கள் நாங்கள், உரிமை மட்டும் வேறொருவருக்கா என்று மக்கள் எதிர்த்தார்கள். குத்தகை ரத்தானது. ஆனால், இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று அவர்கள் முன் நின்றது. மீண்டு வந்த நீரைத் தாங்களே அளவின்றி இறைத்துவிட்டால் என்ன ஆகும்?

அதற்காகச் சுமார் 70 கிராமங்களின் பிரதிநிதிகள் சேர்ந்து 1999இல் அர்வரி நாடாளுமன்றத்தை அமைத்தார்கள். இதற்குச் சட்ட அதிகாரம் கிடையாது. ஊர்க் கட்டுப்பாடே இதன் பலம். கரும்பு, நெல் போன்று அதிக நீர் குடிக்கும் பயிர்களைத் தவிர்ப்பது அது வகுத்த விதிகளுள் ஒன்று.

அறிவியலாளர்கள் கேட்பது

அறிவியலில் வெற்றிக் கதைகளையும் அளந்து பார்க்க வேண்டும். சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அர்வரி பகுதியை ஆராய்ந்து 2010, 2011ஆம் ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டார்கள். தடுப்பணைகள் நிலத்தடி நீரைப் பெருக்குகின்றன என்பதை அவர்கள் உறுதிசெய்தார்கள். அதே வேளையில், மேட்டில் மழைநீரைத் தேக்கும்போது ஆற்றின் வழியே கீழே பாயும் நீரின் அளவு குறைகிறது என்றும் காட்டினார்கள்.

மேலே ஒரு குடம் நீரைத் தேக்கினால், கீழே இருப்பவருக்கு ஒரு குடம் குறையலாம் அல்லவா? கிணற்றிலிருந்து இறைக்கும் நீர் கூடினால், ஆற்றுக்குக் கசியும் நீரும் குறையும். எத்தனை கரைகள் கட்டலாம், எவ்வளவு நீர் இறைக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை மேட்டூரும் கீழூரும் ஒன்றாக உட்கார்ந்துதான் முடிவுசெய்ய முடியும்.

செய்து பாருங்கள்

ஆழமான இரண்டு அலுமினியத் தட்டுகளை எடுத்து, ஒரு முனையின் அடியில் சிறு துளைகள் இடுங்கள். இரண்டிலும் ஒரே அளவு மண்ணை நிரப்பி, துளையுள்ள முனை தாழ்ந்திருக்கும்படி சாய்த்து வையுங்கள். ஒன்றில் மட்டும் களிமண்ணால் பிறை வடிவில் மூன்று சிறு கரைகளை எழுப்புங்கள். இரண்டிலும் ஒரே அளவு நீரைப் பூவாளியால் தெளியுங்கள். கீழே வழியும் நீரைக் கிண்ணங்களில் பிடித்து, முதல் 2 நிமிடங்களிலும் அடுத்த 30 நிமிடங்களிலும் எவ்வளவு வந்தது என்று அளந்து எழுதுங்கள். எந்தக் கிண்ணத்து நீர் அதிகம் கலங்கியிருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

நமக்கு மழைப் பஞ்சம் இல்லை. பல வேளைகளில் வெள்ளம்தான் தொல்லை. ஆனால், மரமில்லாச் சரிவிலும் சிமெண்டுத் தரையிலும் விழும் மழை ஒரே நேரத்தில் ஆற்றுக்கு ஓடுவதும் வெள்ளத்துக்கு ஒரு காரணம்தானே? அடுத்த முறை பலத்த மழை பெய்யும்போது, உங்கள் பள்ளி வளாகத்தில் விழும் நீர் எங்கே ஊறுகிறது, எங்கே ஓடிப்போகிறது என்று பார்த்துக் குறித்துவையுங்கள்.