மெய்ந்நிகர்க் கண்ணாடியும் உடலுணர்வும்

தன் முகத்தை எவரும் நேரே கண்டதில்லை. கண்ணாடியே அதனைக் காட்டுவது. கையசைக்க எதிருருவமும் உடன் கையசைத்தலால், அது தன்னுருவமே என மனம் துணிகின்றது. இத்துணிவை ஆராய்தற்கு இன்று வாய்த்த கருவியே மெய்ந்நிகர்க் கண்ணாடியாகும்.

தலையில் அணியும் காட்சிக்கருவியினுள்ளே கணினி ஓர் அறையையும், அதிலொரு கண்ணாடியையும் தீட்டுகின்றது. அணிந்தோனின் அசைவுகளை உணரிகள் அளந்தறிவிக்க, கண்ணாடியிலே வேறோர் உருவம் அவ்வாறே அசைகின்றது. இவ்வுருவத்தை மேனாட்டார் ‘அவதாரம்’ என்னும் வடசொல்லின் திரிபாலேயே வழங்குவர். சிறிது நேரத்தில் அணிந்தோன் அதனைத் தன்னுடலென உணரத் தலைப்படுகின்றான்.

இவ்வுணர்வு எழுமாறு யாங்ஙனம்? 1998ஆம் ஆண்டிலே பொட்வினிக், கோயன் என்னும் அறிஞர் வெளியிட்ட ஆய்வு இதற்கு விளக்கந் தரும். ஒருவரது கையைத் திரையால் மறைத்து, கண்ணெதிரே இறப்பர்க் கையொன்றை வைத்தனர். இரண்டையும் ஒருங்கே தூரிகையால் வருடியபோது, தீண்டலை இறப்பர்க் கையிலேயே உணர்வதாகப் பலர் கூறினர். கண்ட காட்சியும் பெற்ற தொடுவுணர்வும் ஒத்தமையே இதற்குக் காரணம். மெய்ந்நிகர்க் கண்ணாடியிலே காட்சியும் அசைவும் அவ்வாறு ஒத்து நிற்கின்றன. எனவே, ‘என்னுடல்’ என்பது புலன்களின் உடன்பாட்டினால் மனம் இடையறாது செய்துகொள்ளும் தீர்ப்பெனலாம்.

அத்தீர்ப்பு உள்ளத்தையும் மாற்றவல்லது. பனாகு, குரோத்தன், சிலேற்றர் என்போர் 2013இல் வெளியிட்ட ஆய்விலே, வளர்ந்தோர்க்கு நான்கு வயதுக் குழந்தையின் உருவும், அதே உயரத்திற்குக் குறுக்கப்பட்ட வளர்ந்தோர் உருவும் அளிக்கப்பட்டன. ஈருருவிலும் பொருள்கள் உள்ளவாற்றினும் பெரியனவாகத் தோன்றின. குழந்தையுருவிலோ அம்மிகை கூடுதலாயிருந்தது. உருவின் அசைவு அணிந்தோனின் அசைவோடு பொருந்தாதபோது அவ்வேறுபாடு மறைந்தது. யீ, பெயிலென்சன் என்போர் 2007இல் வெளியிட்ட ஆய்விலே, உயரமான உருவைப் பெற்றோர் பணப்பங்கீட்டுப் பேச்சிலே தமக்குக் கூடிய பங்கை நாடினர்.

இங்குச் சிந்திக்கத்தக்கதொன்றுண்டு. உருவை அளிப்போர், அதனை அணிவோரின் நோக்கையும் நடத்தையையும் ஓரளவு வகுக்கின்றனர். ஆசிரியனொருவன் மாணவனுருவிலே வகுப்பை நோக்குதற்கு இக்கருவி துணையாகலாம். பொருளை விற்போன் கையிலே, வாங்குவோன் அறியாமலே அவன் மனத்தைத் திருப்புதற்கும் அதுவே துணையாகலாம். ஆதலின், எவ்வுருவை எதன்பொருட்டு அணிகின்றோம் என்பதை அணிவோன் முன்னரே அறிந்து இசைதல் இன்றியமையாதது.