இலவசக் கல்வியும் உம்மாவின் கணக்குக் கொப்பியும்

ராத்தாவுக்கு வவுனியாப் பல்கலைக்கழகம் கிடைத்த அன்று ஒட்டுசுட்டானில் எங்கள் வீடு பெருநாள் வீடு போலிருந்தது. இரவு வாப்பா மட்டும் மெதுவாகக் கேட்டார்: "இலவசம் என்டு சொல்றாங்க. அப்ப கையில எவ்வளவு வேணும்?" அந்தக் கேள்விக்கு நான் தேடி அறிந்த பதிலே இக்கட்டுரை.

எது இலவசம்? கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாக்கப்பட்டது. இன்றும் அரச பல்கலைக்கழகங்களில் முதற் பட்டம் படிக்கும் உள்வாரி மாணவர்கள் படிப்புக் கட்டணம் செலுத்துவதில்லை. விரிவுரையாளர் சம்பளம், ஆய்வுகூடம், நூலகம், மின்சாரம் ஆகியவற்றின் பெரும்பகுதிச் செலவைத் திறைசேரியே ஏற்கிறது.

திறைசேரிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? வாப்பா கடையில் வாங்கும் சவர்க்காரத்தின் விலையிலும் 18 சதவீத வட் வரி அடங்கியிருக்கிறது. ஆகவே, பல்கலைக்கழக வாசலை மிதிக்காத கூலித் தொழிலாளியும் அதற்குப் பணம் கட்டுகிறார். இலவசக் கல்வி என்பது ஊரே சேர்ந்து முன்கூட்டிச் செலுத்திய கல்வி.

அந்தப் பணமும் போதவில்லை என்பதே நீண்டகால முறைப்பாடு. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்குமாறு கோரி, 2012இல் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் ஏறத்தாழ மூன்று மாதங்கள் பணிப்பகிஷ்கரிப்புச் செய்தனர். விடுதிகளிலும் எல்லா வருடமும் எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை. அந்தக் குறை பெற்றோரின் தலையில்தான் விழுகிறது.

இரண்டாம் வருடத்தில் ராத்தா வெளியே அறையெடுத்தார். உம்மாவின் கொப்பியில் ஒரு மாதக் கணக்கு இப்படி இருக்கிறது: அறை வாடகையில் ராத்தாவின் பங்கு 6,000 ரூபா, சாப்பாடு 15,000, பஸ் 3,000, போட்டோக் கொப்பியும் டேட்டாவும் 2,000. மொத்தம் 26,000 ரூபா.

இதற்கு உதவி உண்டு. 1981இல் தொடங்கிய மகாபொல நிதியம் திறமையையும் குடும்ப வருமானத்தையும் பார்த்துப் புலமைப்பரிசில் வழங்குகிறது. அது கிடைக்காதவர்கள் வருமான அடிப்படையிலான மாணவர் உதவுதொகைக்கு விண்ணப்பிக்கலாம். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொல 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், உதவுதொகை 4,000இலிருந்து 6,500 ஆகவும் கூட்டப்பட்டன. ராத்தாவுக்கு மகாபொல கிடைத்தது. ஆனால், முதல் தவணை கைக்கு வரச் சில மாதங்கள் சென்றன. அந்த மாதங்களை வாப்பாவின் கச்சான் விற்ற காசு தாங்கியது. இப்போது கிழமைக் கடைசியில் ராத்தா சிறு பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுக்கிறார்.

ஆகவே பெற்றோரே, மகள் உயர்தரம் எடுக்கும்போதே ஒரு சிறு சேமிப்பைத் தொடங்குங்கள். பட்டம் முழுவதற்கும் வேண்டாம். முதல் ஆறு மாதங்களுக்குப் போதும். வருமானச் சான்றுகளைக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் நேரத்தோடு உறுதிப்படுத்துங்கள். திகதி பிந்தினால் உதவியும் போய்விடும்.

தோழிகளே, கல்வி வாய்ப்புக் குறைந்த மாவட்டங்களுக்கென அனுமதியில் 5 சதவீத இடம் ஒதுக்கப்படுகிறது. எங்கள் முல்லைத்தீவும் அவற்றுள் ஒன்று. கஷ்டப்பட்டுப் பெறும் அந்த இடத்தைப் "பணமில்லை" என்ற ஒரே பயத்தில் விட்டுவிடாதீர்கள்.

வாப்பாவின் கேள்விக்கு உம்மா அன்று பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில் ஒரு புதுக் கொப்பி வாங்கி, முதற் பக்கத்தில் ராத்தாவின் பெயரை எழுதினார்.