வெளிநாட்டு நிதியியல் முதுநிலைப் படிப்பில் சேர்க்கை வாய்ப்பை மதிப்பிடுதல்

நிதியியல் முதுநிலைப் படிப்பு என்பது நிறுவன நிதி, முதலீட்டு மேலாண்மை, பங்குச் சந்தை, இடர் மேலாண்மை முதலியவற்றைக் கற்பிக்கும் ஓராண்டு அல்லது ஈராண்டுப் பட்டப்படிப்பாகும். இலண்டன் பொருளியல் பள்ளி (எல்எஸ்இ), ஆக்ஸ்போர்டு, மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் (எம்ஐடி), பிரின்ஸ்டன், பிரான்சின் எச்இசி பாரிஸ் ஆகியவை இப்படிப்பை வழங்கும் முன்னணி நிறுவனங்களுள் சில. இவற்றில் உள்ள இடங்களைவிட வரும் விண்ணப்பங்கள் பல மடங்கு அதிகம். ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே தமக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பைக் கணித்துப் பார்ப்பது மாணவர்களின் வழக்கமாக உள்ளது.

இக்கணிப்பு இரு வகையிலும் பிழையாகலாம். வாய்ப்பை மிகையாக மதிப்பிடுபவர் மிகக் கடினமான சில இடங்களுக்கு மட்டும் விண்ணப்பித்து, ஓராண்டையும் கட்டணங்களையும் இழக்கக்கூடும். குறைவாக மதிப்பிடுபவர் தமக்குக் கிடைத்திருக்கக்கூடிய இடத்துக்கு விண்ணப்பிக்காமலே விட்டுவிடுவார்.

படிப்பின் வகை

ஒரே பெயரில் வழங்கினாலும் இப்படிப்புகள் ஒரே தன்மையுடையவை அல்ல. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணிப்பு நிதியியல் படிப்பு கணிதமும் நிரலாக்கமும் மிகுந்தது. ஆக்ஸ்போர்டின் நிதிப் பொருளியல் படிப்பை வணிகப் பள்ளியும் பொருளியல் துறையும் இணைந்து நடத்துகின்றன. லண்டன் பிசினஸ் ஸ்கூல், புதிதாகப் பட்டம் பெற்றவர்களுக்கு ஒன்று, பணி அனுபவம் உள்ளவர்களுக்கு வேறொன்று என இரு நிதிப் படிப்புகளை வைத்துள்ளது. பொருந்தாத வகைக்கு விண்ணப்பித்தால் நல்ல மதிப்பெண்களும் பயன் தருவதில்லை. எனவே மதிப்பீட்டின் முதல் படி, படிப்பு எவருக்காக வடிவமைக்கப்பட்டது என்பதை அறிவதாகும்.

தகுதி வரம்பு

தேர்வுக் குழு ஒரு விண்ணப்பத்தை இரு நிலைகளில் பார்க்கிறது எனலாம். முதல் நிலையில் தகுதி உண்டா இல்லையா என்பது மட்டுமே கேள்வி. இதில் பட்டப்படிப்பின் காலம், அதில் பெற்ற வகுப்பு, கணிதப் பின்னணி, ஆங்கிலத் திறன் ஆகியவை அடங்கும்.

பட்ட வகுப்பைப் பொறுத்தவரை மதிப்பெண் விழுக்காடுகளை நேரடியாக ஒப்பிடுவது தவறாகும். பிரிட்டனில் 70 விழுக்காடும் அதற்கு மேலும் பொதுவாக முதல் வகுப்பு. 60 முதல் 69 வரை மேல் இரண்டாம் வகுப்பு. இந்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் 60 விழுக்காடே முதல் வகுப்பு. எந்த நாட்டின் எந்த மதிப்பெண் தம் வரம்புக்கு நிகர் என்பதைப் பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் நாடுவாரியாக வெளியிடுகின்றன. இந்தியாவின் மூன்றாண்டு இளநிலைப் பட்டத்தைப் பிரிட்டனில் பொதுவாக ஏற்கின்றனர். அமெரிக்காவில் சில நிறுவனங்கள் நான்காண்டுப் பட்டம் கேட்கின்றன.

கணிதப் பின்னணி பலரும் கவனிக்கத் தவறும் வரம்பாகும். கணிதம் மிகுந்த படிப்புகள் நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, புள்ளியியல் ஆகியவற்றைப் பட்ட அளவில் பயின்றிருக்க வேண்டும் என்கின்றன. வணிகவியலில் 85 விழுக்காடு பெற்றும் இப்பாடங்களைப் பயிலாத மாணவரைவிட, 75 விழுக்காடு பெற்ற பொறியியல் அல்லது கணித மாணவருக்கு அங்கு வாய்ப்பு அதிகம். வரம்பில் உள்ள குறையை வேறொரு சிறப்பால் ஈடுசெய்வது கடினம். முன்கூட்டியே தெரிந்தால் அப்பாடங்களைத் தனியே பயின்று சான்றிதழ் பெற்றுக் குறையை ஓரளவு நிரப்பலாம்.

தேர்வு மதிப்பெண்கள்

இரண்டாம் நிலையில் விண்ணப்பதாரர்கள் ஒருவரோடொருவர் ஒப்பிடப்படுகின்றனர். இதற்குப் பல நிறுவனங்கள் ஜிமேட் அல்லது ஜிஆர்இ மதிப்பெண்ணைப் பயன்படுத்துகின்றன. ஜிமேட் தேர்வின் தற்போதைய வடிவம் 2023 நவம்பரில் அறிமுகமானது; இதன் அளவு 205 முதல் 805 வரை. 200 முதல் 800 வரை அளவிட்ட பழைய வடிவம் 2024 ஜனவரி இறுதியில் நிறுத்தப்பட்டது. மதிப்பெண் 5 ஆண்டுகள் செல்லும் என்பதால் இரு வகை மதிப்பெண்களும் சில ஆண்டுகள் புழக்கத்தில் இருக்கும். பழைய 700-க்குப் புதிய தேர்வில் ஏறத்தாழ 645 நிகராகும். இதை அறியாதவர் 645 பெற்றதும் தாம் பின்தங்கியதாகக் கருதிவிடுவர். பழைய மதிப்பெண்கள் 0-விலும் புதியவை 5-இலும் முடிவதால் இரண்டையும் எளிதில் பிரித்தறியலாம்.

நிறுவனங்கள் வெளியிடும் வகுப்பு விவரத்தில் இடம்பெறும் சராசரி அல்லது இடைநிலை மதிப்பெண்ணை குறைந்தபட்சத் தகுதியாகக் கொள்ளக் கூடாது. இடைநிலை என்றால் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அதற்குக் கீழே இருந்தனர் என்பதே பொருள். அதே வேளை, அந்த மதிப்பெண்ணைப் பெற்றும் இடம் கிடைக்காதவர்கள் அவ்விவரத்தில் இடம்பெறுவதில்லை. ஆகவே இடைநிலையை எட்டியது இடம் உறுதி என்பதற்குச் சான்றாகாது.

சேர்க்கை விகிதம்

எல்எஸ்இ தன் முதுநிலைப் படிப்புகள் ஒவ்வொன்றுக்கும் வந்த விண்ணப்பங்களின் எண்ணிக்கையையும் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையையும் வெளியிடுகிறது. இவ்வெண்களைப் படிப்பதில் ஒரு பொதுவான பிழை உண்டு. சேர்ந்தவர்கள் வேறு, அனுமதி பெற்றவர்கள் வேறு. எடுத்துக்காட்டாக, ஒரு படிப்புக்கு 1,000 விண்ணப்பங்கள் வந்து, 150 பேருக்கு அனுமதி கிடைத்து, அவர்களில் 75 பேர் சேர்ந்தனர் என்று கொள்வோம். சேர்ந்தவர்களை வைத்துக் கணக்கிட்டால் 7.5 விழுக்காடு, அனுமதி விகிதமோ 15 விழுக்காடு.

மேலும், இவ்விகிதம் தனி ஒருவரின் வாய்ப்பு அன்று. மொத்த விண்ணப்பங்களில் தகுதி வரம்பை எட்டாதவையும் அடங்கும். வரம்பைத் தாண்டியவரின் வாய்ப்பு வெளியிட்ட விகிதத்தைவிட அதிகமாகவும், தாண்டாதவரின் வாய்ப்பு ஏறத்தாழ இல்லாமலும் இருக்கும்.

பல இடங்களுக்கு விண்ணப்பித்தல்

ஒவ்வோரிடத்திலும் 20 விழுக்காடு வாய்ப்புள்ள ஒருவர் ஆறு இடங்களுக்கு விண்ணப்பித்தால், ஓரிடமாவது கிடைக்கும் நிகழ்தகவு ஏறத்தாழ 74 விழுக்காடு என்று கணக்கிடலாம். ஒரு முடிவு மற்றொன்றைச் சாராதது என்றால் மட்டுமே இக்கணக்கு சரி. உண்மையில் ஆறு இடங்களுக்கும் செல்வது அதே மதிப்பெண் பட்டியலும் அதே பரிந்துரைக் கடிதங்களும்தான். ஓரிடத்தில் மறுப்புக்குக் காரணமான குறை மற்ற இடங்களிலும் மறுப்பைத் தரக்கூடும். ஆகவே உண்மையான வாய்ப்பு இதைவிடக் குறைவு. ஒரே கடின நிலையிலுள்ள ஆறு இடங்களைவிட, வெவ்வேறு கடின நிலைகளிலுள்ள ஆறு இடங்களைத் தேர்வது பாதுகாப்பானது.

எண்களில் அடங்காதவை

நோக்க அறிக்கை, பரிந்துரைக் கடிதங்கள், உள்ளகப் பயிற்சி, நேர்காணல் ஆகியவற்றின் எடையை வெளியிலிருந்து அளவிட முடியாது. மதிப்பெண்கள் நெருக்கமாக உள்ள விண்ணப்பதாரர்களிடையே இவையே முடிவைத் தீர்மானிக்கக்கூடும். விண்ணப்பிக்கும் காலமும் முக்கியம். இடங்கள் நிரம்பும்வரை தொடர்ந்து அனுமதி வழங்கும் நிறுவனங்களில், காலம் தாழ்த்தி வரும் நல்ல விண்ணப்பமும் இடமின்றித் திரும்பலாம்.

மதிப்பீட்டின் பயன்

இக்காரணங்களால் சேர்க்கை வாய்ப்பைத் துல்லியமான ஓர் எண்ணாகக் கூற இயலாது. தகுதி வரம்புகள் அனைத்தையும் கடந்து, மதிப்பெண் இடைநிலைக்கு மேல் உள்ள இடம், இடைநிலையை ஒட்டியுள்ள இடம், இடைநிலைக்குக் கீழ் உள்ள இடம் என மூவகையாகப் பிரித்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. மூன்றிலும் விண்ணப்பிப்பவருக்கு இழப்பு குறைவு.

அனுமதி கிடைப்பதும் உதவித்தொகை கிடைப்பதும் தனித்தனி என்பதையும் கருத வேண்டும். இப்படிப்புகளில் சேர்வோரில் பலர் சொந்தப் பணத்திலோ கடனிலோ பயில்கின்றனர். பெரிய கல்விக் கடன்களுக்கு வங்கிகள் வீட்டையோ நிலத்தையோ ஈடாகக் கேட்பதுண்டு. எனவே கட்டணம், வாழ்க்கைச் செலவு, கடனைத் திருப்பிச் செலுத்தும் வழி ஆகியவற்றைக் கணக்கிட்டு, அனுமதி கிடைத்தால் சேர இயலுமா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே குடும்பத்துடன் கலந்து முடிவு செய்வது நல்லது.