செல் தீர்ந்தாலும் நிற்காத கேமரா

நிக்கான் எஃப்எம்2 கேமராவின் அடியில் இருக்கும் சின்ன மூடியை ஒரு காசு வைத்துத் திருகினால், உள்ளே இரண்டு பட்டன் செல்கள். இரண்டையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஃபிலிம் நகர்த்தும் லீவரைச் சுற்றி ஷட்டரை அழுத்துங்கள், படம் விழும். வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டுமே செல். மற்றதெல்லாம் ஸ்பிரிங்கும் பல்சக்கரமும்தான். 1982-ல் வந்த இந்தக் கேமரா 2001 வரை தயாரிப்பில் இருந்தது. குளிரில் செல் செத்துப்போகும் இடங்களுக்குப் போனவர்கள் இதைத் தோளில் மாட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

செல் இல்லாமல் ஓடும் கேமராக்கள் அன்று நிறையவே இருந்தன. ஆனால் பெரும்பாலானவை 1/1000 நொடியோடு நின்றுவிடும். எஃப்எம்2 போனது 1/4000 வரை. ஷட்டரில் இரண்டு திரைகள்; முதலாவது திறந்துகொண்டே போக, இரண்டாவது மூடிக்கொண்டே பின்னால் வரும். வேகம் கூடக் கூட, இரண்டுக்கும் நடுவே மெல்லிய கீற்று மட்டுமே ஃபிலிம் மேல் ஓடும். அந்த ஓட்டத்துக்குத் தகடு இலேசாகவும் இருக்க வேண்டும், வளையவும் கூடாது. அதற்காக டைட்டானியத் தகட்டில் தேன்கூடுபோல் பள்ளம் அரித்தார்கள். ஓட்டமும் குறுக்கே 36 மி.மீ. அல்ல, மேலிருந்து கீழாக வெறும் 24 மி.மீ.

இதனால் உண்மையில் லாபம் அடைந்தது ஃப்ளாஷ். ஃப்ளாஷ் மின்னும் கணத்தில் ஃபிலிம் முழுவதும் திறந்திருக்க வேண்டும். பழைய கேமராக்கள் பலவற்றில் அதற்கு 1/60-தான் எல்லை. இதில் முதலில் 1/200, 1984-க்குப் பிறகு 1/250. உச்சி வெயிலில் முகத்து நிழலைப் போக்க ஃப்ளாஷ் போடும்போது, 1/60-ல் எஃப்/22 வைக்க வேண்டிய இடத்தில் 1/250-ல் எஃப்/11 போதும். அதே ஃப்ளாஷ் இரண்டு மடங்கு தூரம் எட்டும். என்னைக் கேட்டால் 1/4000-ஐவிட இதுதான் பெரிய விஷயம்.

ஃபோகஸ் முழுக்கக் கைவேலை. வ்யூஃபைண்டர் நடுவில் ஒரு வட்டம், குறுக்கே ஒரு கோடு. ஃபோகஸ் தப்பியிருந்தால் கோட்டுக்கு மேலும் கீழும் உருவம் விலகி நிற்கும். லென்ஸைத் திருகத் திருக ஒன்றுசேரும். முகமென்றால் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து இமை விளிம்பில் பொருத்திப் பாருங்கள், பிசகாது. 1984-ல் பெஷாவர் அருகே அகதி முகாமில் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரி எடுத்த ஆப்கன் சிறுமியின் படம், எஃப்எம்2-வும் 105 மி.மீ. லென்ஸும் கொண்டு எடுத்ததுதான்.

குறைகளும் உண்டு. ஃபிலிமில் விழுவதில் சுமார் 93 சதவீதமே வ்யூஃபைண்டரில் தெரியும். லீவரைச் சற்று வெளியே இழுத்து வைத்தால்தான் ஷட்டர் பூட்டு விடும். இடது கண்ணால் பார்ப்பவர்களுக்கு அது முகத்தில் குத்தும். 1977-க்கு முந்தைய நிக்கான் லென்ஸ்களை மாற்றியமைக்காமல் மாட்டக் கூடாது.

பழையது வாங்கப் போகிறீர்களா? பின்கதவைத் திறந்து ஷட்டர் தகடுகளில் நெளிவோ எண்ணெய்க் கறையோ இருக்கிறதா என்று பாருங்கள். கதவோரப் பஞ்சு பிசுபிசுத்தால் மாற்றிக்கொள்ளலாம், செலவு அதிகமில்லை. தகடு நெளிந்திருந்தால் விலை எவ்வளவு குறைவென்றாலும் வேண்டாம்.