துப்பாக்கிக் கட்டைக்குப் புள்ளிப் பூச்சு

பிறந்த ஊரை விட்டு வந்த நம் குடும்பங்களில் குழந்தைகள் பாட்டும் பரதமும் பயில்வது பழைய வழக்கம். காற்றுத் துப்பாக்கி பயில்வது புதிது. கடலூரில் பிறந்து ஆமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் பாரிஸ் ஒலிம்பிக்கில் (2024) இந்தியாவுக்காகக் குறி பார்த்தார். அதே பந்தயத்தில் 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே, மத்திய ரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகராயிருந்தவர். இவர்களைக் கண்டு ஆசை கொள்ளும் பிள்ளைக்குப் புதுத் துப்பாக்கி வாங்குதல் சம்பளக்காரருக்கு எளிதன்று. பழையது கிடைப்பின் இரும்பு திடமாயிருக்கும். மரக்கட்டைதான் வார்னிஷ் உரிந்து, வடுப்பட்டுக் கிடக்கும். அதனைச் சொற்பச் செலவில் கருங்கல் போலத் தோன்றச் செய்யலாம்.

முதலில் குண்டு இல்லை என்பதை இருமுறை பார்த்து, திருகுகளைக் கழற்றி, இரும்புப் பாகத்தைக் கட்டையினின்று பிரித்துவிடுக. இரும்பு அமரும் பள்ளத்தை டேப் ஒட்டி மூடுக. அங்கே வண்ணம் படிந்தால் இரும்பு சரியாக அமராது, குறியும் தவறும்.

உப்புத்தாளை 120, 220, 320 என்ற வரிசையில் மரத்தின் இழையோட்டமாகத் தேய்த்துப் பழைய வார்னிஷை நீக்குக. சிறு பள்ளத்தின் மேல் ஈரத் துணியிட்டுச் சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒற்றினால், நசுங்கிய இழைகள் நீராவி பட்டு எழும்பும். கட்டை நன்கு உலர்ந்தபின், வெடிப்புகளுக்குப் பட்டி பார்த்துத் தேய்த்து, பிரைமர் பூசுக.

அடுத்து அடிவண்ணமாக அடர்ந்த சாம்பல் நிறம். அது உலர்ந்தபின் கடற்பஞ்சை வெளிர்சாம்பலில் தோய்த்து, காகிதத்தில் ஒற்றி மிகுதியைப் போக்கி, கட்டையில் மெல்ல ஒற்றுக. ஒவ்வொரு முறையும் பஞ்சைச் சற்றே திருப்புதல் வேண்டும். இன்றேல் ஒரே உருவம் அச்சுப்போல் திரும்பத் திரும்ப விழும். இறுதியில் ஆங்காங்கே கறுப்பு. இவ்வளவையும் முதலில் ஓர் அட்டையில் பழகிப் பார்ப்பது நலம்.

இதன்மேல் நிறமற்ற லாக்கரை மெல்லிதாக மூன்று முறை பூசுக. மழைக்காலத்து ஈரக் காற்றில் லாக்கர் வெளிறிப் படலமிடும். ஆதலால் வெயில் நாளைத் தெரிந்துகொள்க. காற்றோட்டமுள்ள இடத்தில், முகமூடியுடன், அடுப்பும் விளக்கும் அண்டாத தொலைவில் செய்க.

இங்கே ஓர் எச்சரிக்கை. பந்தயத்தில் கலந்துகொள்ளும் துப்பாக்கியாயின், பிடியிலும் முன்கட்டையிலும் கைப்பிடிப்பை மிகுவிக்கும் பொருள் எதனையும் சேர்க்கலாகாது என்பது சர்வதேச விதி. மணல் கலந்த சொரசொரப்பான பூச்சு கண்ணுக்கு அழகாயிருக்கலாம். பரிசோதனை மேசையில் பிள்ளையின் வாய்ப்பையே பறித்துவிடவும் கூடும். ஆகவே நம் பூச்சின் கரடுமுரடு கண்ணுக்கு மட்டுமே இருக்கட்டும். விரலுக்கு வழுவழுப்பாகவே இருத்தல் வேண்டும். பூசுமுன் பயிற்சியாளரின் சம்மதம் பெறுக. 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியின் எடை 5.5 கிலோவுக்கு மேற்படலாகாது என்பதால், முடிந்தபின் நிறுத்தும் பார்த்துக்கொள்க.

ஒரு வாரமேனும் உலரவிட்டு இரும்பைப் பூட்டுக. திருகுகளைப் பழைய இறுக்கத்திற்கே கொண்டுவருக. பின்னர் பயிற்சிக் கூடத்தில் குறியைப் புதிதாகச் சரிபார்த்த பின்னரே பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும்.